தேன் ஒட்டிய அண்டாவை என்ன செய்வது?

தேன் எடுத்து முடித்ததும் பிசுபிசுத்துக் கிடக்கும் சாமான்களை என்ன செய்வது என்பதில், எனக்கும் எனக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கும் ஒரு பிணக்கு உண்டு. சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் இருவருமே கொஞ்சம் விறைத்துக்கொள்வோம். அவர் கட்சி எளிமையானது. அடையைச் சுற்றித் தேனைப் பிரிக்கும் மெஷின், அண்டா, வடிகட்டி, சீவிப்போட்ட மெழுகு எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் வைத்துவிட வேண்டும். தேனீக்கள் வந்து ஒட்டியிருப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சாயங்காலம் எடுத்து ஒருமுறை அலசினால் வேலை முடிந்தது. தண்ணீர்ச் செலவு இல்லை, தேனும் வீணில்லை. "அதுங்க சொத்து, அதுங்களே நக்கிட்டுப் போவட்டும்மா" என்பார்.

முதலில் இதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. பெட்டியைத் திறந்து, புகை போட்டு, அதுகள் சேர்த்து வைத்ததைக் கத்தியால் சீவி எடுத்துக்கொண்டு வருகிறோம். உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இல்லாமல் இருக்குமா? அந்த உறுத்தலுக்கு இது நல்ல மருந்தாகத் தோன்றியது. திருட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் திருட்டே இல்லை என்று ஆகிவிடுகிற மாதிரி. வீட்டில் அத்தையிடம் சொன்னபோது அவர்களுக்கும் இது ரொம்பப் பிடித்துவிட்டது. "வாயில்லா ஜீவன், அதுக்கும் கொஞ்சம் விட்டாத்தான் நமக்கு ஒட்டும்" என்றார்கள். ஆக, கட்சியில் நான் ஒருத்திதான் பிறகு மாறியவள். ஏன் மாறினேன், முழுசாக மாறினேனா என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இடம் பற்றி இரண்டு வரி. அண்ணனின் தோப்பு பண்ருட்டிப் பக்கம். செம்மண், முந்திரி, நடுநடுவே பலா. எங்கள் வீடு கடலூரில், கேப்பர் மலை ஏறுகிற பக்கம். கொல்லையில் முருங்கை, தென்னை, வேலியோரம் புங்கம். பெட்டிகளை முந்திரி பூக்கும் காலத்தில் அவர் தோப்பில் வைத்திருந்து, பூ ஓய்ந்ததும் இங்கே கொண்டுவந்துவிடுவேன்.

மூடி சீவும் நாள்

இந்த மாவட்டத்தில் தேனீ வைத்திருப்பவர்களுக்குப் பொங்கல் கழிந்த பிறகுதான் வருஷம் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிகள் இளைத்துக் கிடக்கும். சர்க்கரைப் பாகு கரைத்து வைத்து எப்படியோ மார்கழி வரை இழுத்துக்கொண்டு வர வேண்டும். தை பிறந்து முந்திரி மொக்கு விட்டதும் பெட்டிக்குள் குரலே மாறிவிடும். கூடவே மாவும் பூக்கும். மாசி, பங்குனி வரை முந்திரி, அது ஓயும் நேரத்தில் வேம்பு, புங்கம். அதற்கப்புறம் கத்திரி வெயில்; தென்னம்பாளையைத் தவிர அதிகம் ஒன்றும் இருக்காது. இந்தக் கால வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் வைத்திருப்பது நியூட்டன் பெட்டி. ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் இருந்த ஒரு சேசு சபைப் பாதிரியார், நம்மூர்த் தேனீயின் அளவுக்குத் தகுந்தபடி வடிவமைத்த சின்னப் பெட்டி அது. கீழே புழு அறை, மேலே தேன் அறை. புழு அறையில் இருக்கும் தேன் அதுகளின் குடும்பச் செலவுக்கு. அதில் கை வைப்பதில்லை. மேல் அறையில் இருப்பதுதான் நமக்கு. அதிலும், அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் மெழுகு மூடி விழுந்திருந்தால் மட்டும். பூவிலிருந்து வரும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர்தான், பாதிக்கு மேல் நீர். ராத்திரி முழுக்கச் சிறகால் விசிறி விசிறி வற்றவைத்து, பக்குவம் வந்த பிறகுதான் மூடி போட்டு அடைக்கும். மூடாத அறையில் இருப்பதை அவசரப்பட்டு எடுத்தால் சில மாதத்தில் நுரைத்துப் புளிக்கும். தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நம்மூர்த் தேனீயின் தேன் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும், சில சமயம் தாண்டியும் விடும். கடல் காற்று அடிக்கிற ஊரில் இது இன்னும் சிக்கல். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். திறந்த பாத்திரத்தில் ஒரு ராத்திரி கிடந்தால் மேல்பரப்பு இளகிவிடும். அதனால் நாங்கள் எடுப்பது எப்போதும் வெயில் ஏறிய பிறகு, பனியெல்லாம் காய்ந்த பிறகு. கதவு, ஜன்னல் அத்தனையும் சாத்திய அறைக்குள். மின்விசிறிகூடக் கிடையாது, மெழுகுத் துணுக்கு பறக்கும். உள்ளே வேர்த்து ஊற்றும்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் தேன் எடுப்பதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு விஷயம். அவர்கள் பாதி நேரம் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மரப்பிசினைச் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். அது இத்தாலியத் தேனீயின் பழக்கம். நம்முடைய பெட்டித் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் வேலை மிச்சம். பதிலுக்கு, நம் தேனீயின் அடை மெல்லியது; மெஷினில் போட்டு வேகமாகச் சுற்றினால் அடை சட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். முதலில் ஒரு பக்கம் பாதி, திருப்பிப் போட்டு மறுபக்கம் முழுசாக, மறுபடி திருப்பி முதல் பக்கத்தின் மீதி. கைப்பிடியை மெதுவாக ஆரம்பித்து, தேன் உள்சுவரில் தெறிக்கிற சத்தம் வந்த பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும். "மாவு அரைக்கிற வேகத்துல சுத்தாதம்மா, தொட்டில் ஆட்டு" என்பார் அண்ணன்.

மூடி சீவுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. நீளமான கத்தி, வெந்நீரில் முக்கி, சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் கத்தியோடு தண்ணீர் தேனுக்குள் போகும். சட்டத்தை அண்டா விளிம்பில் நிறுத்தி, லேசாக முன்னுக்குச் சாய்த்துக்கொண்டு, கீழிருந்து மேலாக இழுத்தால் மெழுகு மூடி ஒரே தகடாகச் சுருண்டு அண்டாவில் விழும். மூடி போன இடத்தில் உள்ளே அடைபட்டிருந்த தேன் அறுகோண அறுகோணமாகப் பளபளக்கும். முந்திரித் தேனில் ஒரு கரகரத்த வாடை இருக்கும். அந்த அறையில் அரை மணி நேரம் நின்றால் அன்றைக்கெல்லாம் தலைமுடியில் அது இருக்கும். சீவும்போது மூடியோடு தேனும் கொஞ்சம் வரத்தான் செய்யும். நிறைய வரும். இதை முதலில் யாரும் சொல்வதில்லை.

சொல்லாத இன்னொன்றும் உண்டு. மெஷினின் உள்சுவரில், கூண்டில், வாய்க்குழாய்க்குக் கீழே அடித்தட்டில் ஒட்டிக்கொள்ளும் தேனின் அளவு, நீங்கள் நாலு சட்டம் சுற்றினாலும் நாற்பது சட்டம் சுற்றினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நூறு பெட்டி வைத்திருப்பவருக்கு அது கணக்கிலேயே வராது. ஒன்றிரண்டு பெட்டிக்காரருக்கு, எடுத்ததில் கண்ணை உறுத்துகிற அளவு பங்கு பாத்திரங்களிலேயே நின்றுபோகும். அப்படியானால் "சாமானை என்ன செய்வது" என்ற கேள்வி பெரிய ஆட்களைவிடப் புதிதாக ஆரம்பித்தவர்களுக்குத்தான் முக்கியம். அவர்களிடம்தான் "வெளியே வைத்துவிடு" என்கிற யோசனையும் சுலபமாக எடுபடுகிறது.

பச்சைத் தண்ணீரும் வெந்நீரும்

வெளியே வைக்காவிட்டால் கழுவ வேண்டும். கழுவுவதில் ஒரே ஒரு விதி, அதை எல்லோரும் தலைகீழாகத்தான் செய்ய நினைப்போம். பிசுக்கு என்றதும் கை வெந்நீரைத்தான் தேடும். எண்ணெய்ச் சட்டிக்கு அது சரி. தேன் சாமானுக்கு முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். தேன் குளிர்ந்த நீரிலும் கரையும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கூடவே இருக்கும் மெழுகு அப்படி இல்லை. சுமார் 62 முதல் 64 டிகிரியில் அது உருகும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் மெழுகுத் துணுக்கெல்லாம் உருகி, தண்ணீர் ஆறும்போது பாலாடை கட்டுகிற மாதிரி பாத்திரம் முழுக்கப் படர்ந்துவிடும். வடிகட்டியின் கண்கள் அடைத்துக்கொள்ளும். மெஷின் வாய்க்குழாயின் திருகில் புகுந்து இறுகிவிட்டால் அதற்கப்புறம் அதைத் திறக்கவும் முடியாது, சரியாக மூடவும் முடியாது. பச்சைத் தண்ணீரில் மெழுகு விறைப்பாக, உதிரியாக இருக்கும். தேன் கரைந்து போனதும் துணுக்குகள் தனியாக மிதக்கும், மெல்லிய துணியில் ஊற்றிப் பிரித்துவிடலாம். இரண்டாவது தண்ணீரும் பச்சைத் தண்ணீர். மெழுகெல்லாம் போய்விட்டது என்று விரலால் தடவிப் பார்த்து உறுதியான பிறகுதான் வெதுவெதுப்பான நீரும் துளி சோப்பும். வாசனை சோப்பு வேண்டாம். அடுத்த முறை எடுக்கிற தேன் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

கழுவுவதற்கு முன்னால் தேனை மீட்பது இன்னொரு வேலை. மெஷினைச் சாய்த்து முட்டுக்கொடுத்து, அறையின் சூட்டிலேயே கொஞ்ச நேரம் விட்டால் சுவரில் இருப்பது இறங்கி வரும். கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் கரண்டியால் வழித்துவிடலாம். சீவிய மெழுகை வடிகட்டித் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால், மறுநாளுக்குள் அதிலிருந்து நல்ல தேன் ஒரு பாட்டில் சேர்ந்துவிடுகிறது. கீழே வைக்கும் பாத்திரத்தின் வாயையும் துணியையும் சேர்த்து மூடிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈரமும் எறும்பும். எறும்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

தேன் எடுத்த சட்டங்களைக் கழுவுவதில்லை. காலியான அடை தேனீக்குப் பெரிய சொத்து. மெழுகு சுரந்து மறுபடி அடை கட்ட அதற்கு எவ்வளவோ தேன் செலவாகும். ஈரம் காயாத அந்தச் சட்டங்களை இருட்டத் தொடங்கும் நேரத்தில், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தோமோ அதே பெட்டியின் தேன் அறைக்குள் திரும்ப வைத்துவிட்டால், உள்ளேயே வைத்து விடிவதற்குள் சுத்தம் செய்துவிடும். இதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் அண்டாவிலும் மெஷினிலும்தான்.

மெஷினை உலர்த்துவது கடலூரில் பண்ருட்டியைவிடக் கஷ்டம். தேன் அமிலத்தன்மை கொண்டது. துத்தநாகப் பூச்சு போட்ட பழைய தகர டிரம்மை அது அரிக்கும், அதனால் எவர்சில்வர் டிரம்தான் நல்லது. ஆனால் எவர்சில்வரிலும் பல்சக்கரம், அச்சு, போல்ட் எல்லாம் இரும்பு. உப்புக் காற்று அதை விடாது. பல்சக்கரத்துக்குள் தண்ணீர் போகாமல் பாலிதீன் கட்டிக்கொண்டு கழுவி, கவிழ்த்து, வெயிலில் வைத்து, காய்ந்ததும் அச்சில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். சைக்கிளுக்குப் போடுகிற கிரீஸை இதற்குப் போடக்கூடாது. சுற்றும்போது தேனில் சொட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பலாமரத்தடியில் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடலாமே என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம்

தை, மாசியில் எடுத்தபோதெல்லாம் அண்ணன் முறைப்படிதான் நடந்தது. அண்டாவை மரத்தடியில் வைப்போம். நான் போய்ப் போய்ப் பார்ப்பேன். வேடிக்கை என்னவென்றால், ரொம்பப் பேர் வரவே மாட்டார்கள். நாலைந்து தேனீ, ஒன்றிரண்டு குளவி, ஈ. தலைக்கு மேலே முந்திரி கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும்போது நம் அண்டாவை யார் சீந்துவார்கள்! கடைசியில் நாங்கள்தான் கழுவி வைப்போம். "சாப்பிட்டு வயிறு ரொம்பிடுச்சி அதுங்களுக்கு" என்று அண்ணன் சிரிப்பார்.

சித்திரை பிறந்த பிறகு கடைசியாக ஒருமுறை எடுத்தோம். வேம்பு உதிர்ந்து முடிந்திருந்தது. தோப்பில் பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை. பலா மட்டும் தடித்துக்கொண்டு வந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வழக்கம்போல அண்டாவும் மெஷினும் மரத்தடிக்குப் போயின. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். சத்தம்தான் முதலில் கேட்டது. எழுந்து பார்த்தால் அண்டாவே தெரியவில்லை. விளிம்பு, உள்பக்கம், மெழுகுக் குவியல் எல்லாம் தேனீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கீழே இருப்பது தேனிலேயே மூழ்கிச் சாகிறது, மேலே இருப்பது அதன் முதுகில் நின்று குடிக்கிறது. மெஷினின் வாய்க்குழாய்க்குள்ளிருந்து வரிசையாக வெளியே வருகின்றன. சீக்கிரமே அண்டா வறண்டுவிட்டது. மெழுகெல்லாம் தவிடு மாதிரிப் பொடிந்து கிடந்தது. அண்ணனுக்குத் திருப்தி. "பாத்தியா, கழுவுன மாதிரி."

ஆனால் கூட்டம் கலையவில்லை. காலி அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் மரத்தடியை விட்டு விலகி, தோப்பில் தேன் வாடை அடிக்கிற இடத்தையெல்லாம் தேட ஆரம்பித்தது. கதவிடுக்கு, என் முந்தானை, கத்தி வைத்த முறம். கடைசியாகப் போய் நின்ற இடம், வரிசையின் ஓரத்தில் இருந்த நோஞ்சான் பெட்டி. அண்ணன் அப்போதுதான் தேனீக் குடும்பம் பிரித்து வைத்திருந்தது, காவலுக்கு ஆள் பத்தாது. பெட்டி வாசலில் வந்த தேனீக்கள் நேராக இறங்கவில்லை. இடமும் வலமுமாக அலைந்து, மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து பார்த்தன. வீட்டுத் தேனீ இப்படி வராது. அது சுமையோடு வந்து நேரே வாசலில் இறங்கி உள்ளே போகும். அப்புறம் பலகையில் ஒன்றையொன்று கட்டிப் புரள ஆரம்பித்தன. ஒரு காவல் தேனீ வந்ததன் சிறகைக் கவ்வி இழுத்துக்கொண்டே பலகை விளிம்பில் உருண்டு கீழே விழுந்ததைப் பார்த்தேன். இரண்டுமே மறுபடி எழவில்லை. உள்ளிருந்து மெழுகுப் பொடி வாசலில் கொட்டத் தொடங்கியது. மூடியிருந்த தேன் அறைகளைக் கிழித்துத் திறக்கிறார்கள் என்று அர்த்தம்.

அண்ணனும் பதறிவிட்டார். வாசலில் புல்லைத் திணித்து ஒரு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சுருக்கினார். நனைத்த சாக்கை மேலே போர்த்தினோம். இருட்டிய பிறகுதான் அடங்கியது. அந்தக் குடும்பம் அதற்கடுத்து நிலைக்கவில்லை. மிச்சமிருந்தவை ராணியோடு பெட்டியை விட்டு ஓடிவிட்டன. நம் தேனீக்குப் பிடிக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற குணம் கிடையாது. தேனில்லை, தொந்தரவு என்றால் கிளம்பிவிடும். வெறும் அடையில் பிறகு மெழுகு அந்துப்பூச்சி நூலாம்படை கட்டியிருந்தது.

ஏன் அண்டாவோடு நிற்கவில்லை என்று பல நாள் யோசித்தேன். தேனீ இரை கிடைத்த சேதியை நடனமாடி மற்றவற்றுக்குச் சொல்லும் என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அதைக் கண்டுபிடித்து விளக்கிய கார்ல் ஃபான் ஃப்ரிஷ்ஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆடுகிற தேனீயிடமிருந்து மற்றவை தெரிந்துகொள்வதில் இரையின் மணமும் சேர்த்தி. இரை பூவாக இருந்தால், கிளம்பி வருபவை அந்தப் பூவின் மணத்தைத் தேடும். இரை அண்டாத் தேனாக இருந்தால்? பக்கத்திலேயே, தேன் வாடை அடிக்கிற இடத்தில் கொட்டிக் கிடக்கிறது என்ற சேதியோடு நூற்றுக்கணக்கில் கிளம்பி வரும். அண்டா காலியான பிறகு, அதே வாடை அடிக்கிற பக்கத்து இடம் இன்னொரு தேனீக் குடும்பத்தின் வீடு. திருடக் கற்றுக்கொடுத்தது நாம் வைத்த அண்டாதான். தீர்ந்துவிட்டது என்று அதுகளிடம் போய்ச் சொல்ல யாராலும் முடியாது.

யாருடைய பங்கு

"அது சித்திரைம்மா" என்றார் அண்ணன், பிறகு பேசியபோது. "தையில வச்சா ஒண்ணும் ஆவாது. நீயே பாத்திருக்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவர் சொல்வது சரி. பூ இருக்கும் காலத்தில் தேனீ திருடப் போகாது, பூ வற்றினால் பக்கத்து வீட்டை உடைக்கும். அவருடைய தோப்பில் பூ காலம் நீளமாக இருந்தவரை இந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதலும் நடந்ததில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இருந்த பெரிய மரங்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் குரல் கம்மிவிடும். இப்போது இருப்பவை மறுபடி நட்டவை. பழக்கம் பழைய தோப்பின் கணக்கு, தேனீ இன்றைய தோப்பின் கணக்கு என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

ஆனால் பருவம் பார்த்து வைத்தால் மட்டும் போதுமா என்றால், அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நோய் ஒன்று இருக்கிறதே. 1991, 92 வாக்கில் தாய்லாந்து சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் தென்னிந்தியப் பெட்டித் தேனீக்களைப் பெரும்பகுதி துடைத்துவிட்டுப் போனது. புழு கூட்டுப்புழுவாகும் முன்பே தோலுக்குள் நீர் கோத்துச் செத்துவிடும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி வரும். தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் அதோடு தொழிலையே விட்டவர்கள் நிறையப் பேர். இப்போது நம் தேனீ ஓரளவு மீண்டு வந்திருக்கிறது. நோய் முழுசாகப் போய்விடவில்லை. அண்டாவில் வந்து குடிப்பது நம் பெட்டித் தேனீ மட்டுமா? பக்கத்துத் தோப்பு, கிணற்றுப் பொந்து, பாழடைந்த சுவர் எல்லாவற்றிலிருந்தும்தான் வருகின்றன. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊட்டினால் என்ன ஆகும்? ஒரு பெட்டியின் தேனை இன்னொரு பெட்டிக்குக் காட்டாதே என்று பயிற்சியில் சொன்னபோது இதைத்தான் சொன்னார்கள். அண்டா என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு உள்ளுக்குள் குடைந்தது வேறு. அண்டாவை வெளியே வைத்தபோது வந்த அந்த மன நிறைவு யாருக்காக? தேனீக்கு நாம் கொடுக்க வேண்டிய பங்கு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. புழு அறைத் தேனைத் தொடாமல் விடுவது. கடைசி முறை தேன் அறையில் பாதிச் சட்டத்தை எடுக்காமலே விடுவது. ஆசைப்பட்டு மூடாத சட்டத்தைச் சுற்றாமல் இருப்பது. ஐப்பசி மழையில் மறக்காமல் பாகு வைப்பது. இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. பலாமரத்தடி அண்டாவோ பார்க்க அழகு, போட்டோ எடுக்கலாம், போடலாம், நாலு பேர் "எவ்வளவு நல்ல மனசு" என்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். போட்ட படத்தை இன்னும் நீக்கவில்லை, இருக்கட்டும்.

அத்தைதான் சமாதானம் ஆகவில்லை. தேன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதா என்று ஒரே புலம்பல். அதற்கு வழியும் அவர்களே கண்டுபிடித்தார்கள். இப்போது முதல் அலசலைக் குடிநீரில்தான் செய்கிறேன், அளவாக. மெழுகைத் துணியில் வடித்துவிட்டு, அந்த இனிப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, துளி உப்பு சேர்த்தால் பானகம். பங்குனி வெயிலில் இதைவிட வேறென்ன வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொம்போடு வந்து நிற்கிறார்கள். அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிட வேண்டும், வைத்தால் ராத்திரிக்குள் பொங்க ஆரம்பித்துவிடும். இரண்டாவது அலசல் நீரில் இனிப்பு பேருக்குத்தான். அது பெட்டிகளுக்கு எட்டாத தூரத்தில், குழி வெட்டி ஊற்றி மண் போட்டு மூடப்படுகிறது.

மெஷின் எங்கள் இருவருக்கும் பொது, பாதிப் பணம் அவர், பாதி நான். நெல்லிக்குப்பம் பக்கம் புதிதாக ஆரம்பித்திருக்கும் ஒருவரும் கேட்டு வாங்கிப் போகிறார். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதுதான் நம் ஊர் மரியாதை. கொடுத்தவர் வாங்கி மறுபடி கழுவினால் வாங்கிப் போனவருக்கு முகம் சுண்டிவிடும். ஆனால் இந்தச் சாமானில் அடுத்த பெட்டிக்கு என்ன ஒட்டிக்கொண்டு போகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே. அதனால் யார் எப்படிக் கழுவித் தந்தாலும், தேன் எடுப்பதற்கு முதல் நாள் ஒருமுறை கழுவிக் காயவைத்துவிடுகிறேன். அண்ணனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். போன தடவை மெஷினை இறக்கிவைத்துவிட்டு, "கழுவித்தாம்மா கொண்டாந்தேன்" என்று இரண்டு முறை சொன்னார். சரிங்கண்ணே என்று வாங்கிவைத்துக்கொண்டு, அவர் டிவிஎஸ் தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்து, குழாயைத் திறந்தேன்.